பழைய டர்ன்டேபிள் மோட்டார்: எண்ணெய், வயர், கண்டென்சர், கடைசியில்தான் காயில்

பல வருடம் மூடிக்கிடந்த ரெக்கார்டு பிளேயரின் ஸ்விட்சைப் போடுகிறோம். தட்டு அசையவில்லை, உள்ளே ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல் மட்டும் கேட்கிறது. பக்கத்தில் இருப்பவர் உடனே ‘மோட்டார் போச்சு’ என்று சொல்லிவிடுவார். 1950-களிலிருந்து 1970-கள் வரை வந்த டர்ன்டேபிள்களைப் பொறுத்தவரை இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தப்பு. அந்த மோட்டார்களில் கெட்டுப்போகிற அளவுக்குப் பெரிதாக எதுவும் இல்லை. அடுக்கிய இரும்புத் தகடுகள், செம்புக்கம்பி சுற்றிய காயில்கள், நடுவே சுற்றும் ஒரு ரோட்டார், அதன் ஷாஃப்டைத் தாங்க மேலும் கீழும் ஒவ்வொரு புஷ், அவ்வளவுதான். தேய்ந்துபோக கார்பன் பிரஷ் கிடையாது, எரிந்துபோக எலக்ட்ரானிக்ஸ் கிடையாது. வழக்கமாகக் கெடுபவை மோட்டாரைச் சுற்றி இருப்பவைதான்: காய்ந்துபோன எண்ணெய், உறை நொறுங்கிய வயர், வெடித்த கண்டென்சர். காயில் எரிந்திருப்பது கடைசிச் சாத்தியம். பழுது தேடும் வரிசையும் அதுவாகவே இருக்கட்டும்.

அதற்கு முன்னால் ஒன்று. வீட்டு மின்சாரம் நேராக வந்து இறங்குகிற இடம் இது. 230 வோல்ட்டோ 115 வோல்ட்டோ, இரண்டுமே ஆளைக் கொல்லும். ஸ்விட்சை அணைத்தால் போதாது; பிளக்கைப் பிடுங்கி, கண்ணுக்குத் தெரியும்படி மேசைமேல் வைத்துக்கொண்டு வேலை பாருங்கள். பல வருடம் ஓடாமல் கிடந்த கருவியை நேராகப் பிளக்கில் சொருகிப் பார்ப்பதும் வேண்டாம். அதற்கு ஒரு வழி இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

சுற்றவைப்பது எது?

அந்தக் காலத்து டர்ன்டேபிள்களில் அதிகம் காணப்படுவது ஷேடட் போல் இண்டக்‌ஷன் மோட்டார். இதன் ரோட்டாருக்கு மின் இணைப்பே கிடையாது. இரும்புத் தகடுகளுக்கு ஊடே செம்பு அல்லது அலுமினியத் தண்டுகள் பதித்த ஓர் உருளை அது. அதைச் சுற்றியுள்ள ஸ்டேட்டாரில் காயில்கள் இருக்கும். காயிலில் ஏசி மின்சாரம் பாயும்போது காந்தப்புலம் எழுகிறது, அடங்குகிறது, திசை மாறி மறுபடி எழுகிறது. இப்படி ஒரே இடத்தில் எழுந்து அடங்கும் புலத்தால் நின்றுகொண்டிருக்கும் ரோட்டாரைக் கிளப்ப முடியாது, உறுமத்தான் முடியும். அதற்காகத்தான் ஒவ்வொரு துருவத்தின் ஓரத்திலும் தடித்த செம்பு வளையம் ஒன்று மாட்டியிருக்கும். வளையத்துக்குள் நுழையும் காந்தப்புலம் சற்றுத் தாமதமாக எழும். துருவத்தின் வெறும் பகுதி முந்த, வளையம் போட்ட பகுதி பின்தொடர, புலம் ஒரு பக்கமாக நகர ஆரம்பிக்கிறது. ரோட்டாரும் அந்தப் பக்கம் சுற்றக் கிளம்பிவிடுகிறது.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு குழப்பம் தீரும். இந்த வகை மோட்டாரில் இரண்டு வயர்களை இடம் மாற்றிக் கொடுத்தாலும் சுற்றும் திசை மாறாது. திசையைத் தீர்மானிப்பது செம்பு வளையம் இருக்கும் பக்கம். பிரித்து மாட்டிய பிறகு மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால், ஸ்டேட்டாரைத் தலைகீழாக வைத்து மூடிவிட்டீர்கள் என்று அர்த்தம். வயரில் தேடிப் பயனில்லை.

வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. மின்சாரத்தின் அதிர்வெண்ணை 120-ஆல் பெருக்கி, துருவங்களின் எண்ணிக்கையால் வகுத்தால், காந்தப்புலம் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுழலும் என்பது வரும். 4 துருவ மோட்டார் என்றால் 50 ஹெர்ட்ஸில் 1500 சுற்று, 60 ஹெர்ட்ஸில் 1800. இண்டக்‌ஷன் மோட்டாரின் ரோட்டார் இந்த வேகத்தை முழுதாக எட்டாது, எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே ஓடும். அந்தப் பின்தங்கல் இல்லாவிட்டால் ரோட்டாரில் மின்னோட்டம் தூண்டப்படாது, சுற்றும் விசையும் இருக்காது. பாரம் கூடினால் பின்தங்கலும் கூடும், வோல்டேஜ் குறைந்தாலும் அப்படித்தான். புஷ்ஷில் காய்ந்த எண்ணெயும் ஒரு பாரம்தான். மோட்டார் சுற்றுகிறது, ஆனால் பாட்டு இழுக்கிறது என்றால் முதல் சந்தேகம் அதன்மேல் விழ வேண்டும்.

இன்னொரு வகை சின்க்ரனஸ் மோட்டார். இதன் ரோட்டாரில் நிரந்தரக் காந்தம் இருக்கும். அது காந்தப்புலத்தோடு பூட்டிக்கொண்டு, பின்தங்காமல் அதே வேகத்தில் சுற்றும். துருவங்களும் அதிகம். தோரன்ஸ் டிடி 150, டிடி 160 மாடல்களில் இருப்பது 16 துருவ மோட்டார், 50 ஹெர்ட்ஸில் 375 சுற்று. 24 துருவம் என்றால் 250 சுற்று. இவற்றில் செம்பு வளையத்துக்குப் பதில் இரண்டு தொகுதிக் காயில்கள் இருக்கும். ஒரு தொகுதிக்கு மின்சாரம் நேராகப் போகும், மற்றதற்கு ஒரு கண்டென்சர் வழியாகப் போகும். புலத்தை நகர்த்தும் அந்த முன்பின் வித்தியாசத்தை இங்கே உண்டாக்குவது கண்டென்சர்தான். அதனால் அது செத்துவிட்டால் மோட்டார் நடுங்கிக்கொண்டு நிற்கும், அல்லது ஒருமுறை வலமும் ஒருமுறை இடமுமாக மனம்போனபடி கிளம்பும். அப்படிச் செய்தால் மோட்டாரைத் திட்டாதீர்கள், கண்டென்சரை மாற்றுங்கள்.

வோல்டேஜ் வேறு, அதிர்வெண் வேறு

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய டர்ன்டேபிளுக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டுவிட்டால் எல்லாம் சரி என்று நினைப்பார்கள். டிரான்ஸ்ஃபார்மர் மாற்றுவது வோல்டேஜை மட்டும்தான், அதிர்வெண்ணை அது தொடுவதில்லை. ஏசி மோட்டாருக்கோ அதிர்வெண்தான் கடிகாரம். 60 ஹெர்ட்ஸுக்கென்று செய்த டர்ன்டேபிளை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால், 33⅓ சுற்ற வேண்டிய தட்டு சுமார் 27.8 சுற்றும், பாட்டின் சுருதி ஏறக்குறைய மூன்று ஸ்வரஸ்தானம் இறங்கிப்போகும். 50 ஹெர்ட்ஸுக்கானதை 60-இல் ஓட்டினால் அதே தட்டு 40 சுற்றும்.

இதற்குத் தீர்வு புல்லியில் இருக்கிறது. மோட்டார் ஷாஃப்டில் மாட்டியிருக்கும் படிப்படியான புல்லியின் விட்டத்துக்கும், அது சுழற்றும் தட்டின் விளிம்பு விட்டத்துக்கும் உள்ள விகிதம்தான் தட்டின் வேகம். கேரார்டு 301 போன்றவற்றுக்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி தனி, 60 ஹெர்ட்ஸ் புல்லி தனி. லென்கோ எல்75-இல் படிகளுக்குப் பதில் கூம்பு வடிவ ஷாஃப்ட் இருக்கிறது. தட்டைச் சுழற்றும் ஐட்லர் சக்கரம் அந்தக் கூம்பின் எந்த இடத்தைத் தொடுகிறதோ அதைப் பொறுத்து வேகம் மாறும், ஆகவே வேக நெம்புகோல் நிற்கும் நிறுத்தங்களின் இடத்தைத் திருத்தி வைத்தாலே போதும்.

இன்னொரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவே ஓடும் ஐட்லர் சக்கரத்தின் அளவு, வேகக் கணக்கில் வருவதே இல்லை. புல்லி அதன் விளிம்பை எவ்வளவு நகர்த்துகிறதோ, அதே அளவை அது தட்டின் விளிம்புக்குக் கடத்திவிடுகிறது. அதனால் ‘ஐட்லர் தேய்ந்துவிட்டது, வேகம் மாறிவிட்டது’ என்பது சரியான காரணம் அல்ல. ரப்பர் பளபளத்து வழுக்கினால் வேகம் குறையும். அது வேறு கதை, ஐசோபுரப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் பாதிக்கு மேல் சரியாகிவிடும்.

மோட்டாரைத் தனியே பாருங்கள்

பிளக்கைப் பிடுங்கியாயிற்று. தட்டைத் தூக்கி எடுத்துவிடுங்கள். பெல்ட் இருந்தால் கழற்றுங்கள், ஐட்லர் இருந்தால் மோட்டாரைத் தொடாத நிலைக்குத் தள்ளுங்கள். இப்போது ஷாஃப்டை இரு விரலால் சுற்றிவிட்டுப் பாருங்கள். ஆரோக்கியமான இண்டக்‌ஷன் மோட்டார், விரலை எடுத்த பிறகும் சில சுற்று சத்தமில்லாமல் ஓடி மெதுவாக நிற்கும். விரலை எடுத்த உடனே நின்றால் எண்ணெய் காய்ந்துவிட்டது. சின்க்ரனஸ் மோட்டாரில் மட்டும் இந்தச் சோதனை செல்லாது. காந்தம் இருப்பதால் விரலுக்கு ‘டக் டக்’ என்று தட்டுவது அதன் இயல்பு.

தட்டின் அச்சையும் அப்போதே கவனியுங்கள். ஐட்லரோ பெல்ட்டோ தொடாதபோது தட்டைக் கையால் சுற்றிவிட்டால் நெடுநேரம் ஓட வேண்டும். அது சீக்கிரம் நின்றுவிட்டால், மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன்னால் அந்த பேரிங்கைச் சுத்தம் செய்து எண்ணெய் விடுங்கள்.

எண்ணெய் வேலை

மோட்டாரின் இரண்டு முனைகளிலும் ஷாஃப்டைத் தாங்கும் புஷ், பெரும்பாலும் வெண்கலத் தூளை அழுத்திச் சூட்டில் இறுக்கிச் செய்தது. அதன் உடம்பு முழுக்க நுண்துளைகள். எண்ணெய் அந்தத் துளைகளில்தான் தங்கியிருக்கும். ஷாஃப்ட் சுற்றிச் சூடானதும் கசிந்து வெளியே வரும், ஆறியதும் திரும்ப உள்ளே போகும். சுற்றிலும் வைத்திருக்கும் ஃபெல்ட் வளையம் கூடுதல் எண்ணெய்க்கான சேமிப்பு. ஐம்பது அறுபது வருடத்தில் இந்த எண்ணெய் பழுப்பேறிய பிசினாக மாறிவிடும். மேலாக இரண்டு சொட்டுப் புது எண்ணெய் விட்டால் ஒரு வாரம் ஓடும், பிறகு மறுபடி இறுகும். துளைகளில் பழைய பிசின் அப்படியே இருக்கிறதே.

ஆகவே பிரிப்பதுதான் சரி. பிரிக்கும்முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேல்மூடி, ஸ்டேட்டார், கீழ்மூடி மூன்றும் சேரும் இடத்தில் பக்கவாட்டில் ஒரு கோடு கீறிவையுங்கள். திரும்ப மாட்டும்போது அது அதே கோட்டில் நிற்க வேண்டும். ஷாஃப்டில் கிடக்கும் மெல்லிய வாஷர்களின் வரிசையைத் தவறவிடாதீர்கள். ரோட்டாரின் உயரத்தைத் தீர்மானிப்பவை அவை. ஒன்று இடம் மாறினாலும் ரோட்டார் மேலோ கீழோ உரசும், அல்லது காந்தப்புலத்தின் மையத்திலிருந்து விலகி அதிரும்.

புஷ்ஷை ஐசோபுரப்பைல் ஆல்கஹாலிலோ ஒயிட் ஸ்பிரிட்டிலோ ஊறவைத்து, பழுப்பு நிறம் இறங்குவது நிற்கும்வரை திரும்பத் திரும்ப மாற்றுங்கள். இந்தத் திரவங்கள் எளிதில் தீப்பற்றும், ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். காயிலின் மேல் மட்டும் இவை பட வேண்டாம், பழைய வார்னிஷ் கரையலாம். புஷ் நன்றாகக் காய்ந்த பிறகு, இளஞ்சூடான எண்ணெயில் சில மணி நேரம் மூழ்கவையுங்கள். சூட்டில் துளைகளுக்குள் இருக்கும் காற்று குமிழியாக வெளியேறும், ஆறும்போது எண்ணெய் உள்ளே இழுக்கப்படும். ஃபெல்ட்டையும் அதே எண்ணெயில் நனைத்து வையுங்கள்.

எந்த எண்ணெய்? சோப்புச் சத்தோ பசையோ சேராத, மெல்லிய கனிம எண்ணெய். ஐஎஸ்ஓ 32 அளவுள்ள டர்பைன் எண்ணெய் நன்றாகப் பொருந்தும். சமையல் எண்ணெய் கூடவே கூடாது, அது இன்னும் வேகமாகப் பிசினாகும். துரு நீக்கும் ஸ்ப்ரேயும் வேண்டாம். அடித்ததும் மோட்டார் அருமையாகச் சுற்றும், அதைப் பார்த்துதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். அது இருக்கிற எண்ணெயைக் கரைத்து விரட்டிவிட்டுத் தானும் ஆவியாகிவிடும், கொஞ்ச நாளில் புஷ் உலர்ந்து கிறீச்சிடும். கிரீஸ், புஷ்ஷின் துளைகளை அடைத்துவிடும். அதற்கு இடம் ஷாஃப்டின் அடியில் இருக்கும் குண்டும் அது அமரும் தகடும் மட்டும். அந்தத் தகட்டில் குழி விழுந்திருந்தால் திருப்பிப் போட்டால் போதும், புது முகம் கிடைத்துவிடும்.

பல மோட்டார்களில் புஷ்ஷின் வெளிப்புறம் உருண்டையாக இருக்கும், தன் இருக்கையில் கொஞ்சம் சாய்ந்து தானாகவே நேராகிக்கொள்ளும். மூடி ஸ்க்ரூக்களை இறுக்கும்போது ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டே, எதிரெதிர் ஸ்க்ரூக்களாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஷாஃப்ட் பிடித்துக்கொண்டால் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் மூடியின் பக்கவாட்டில் லேசாகத் தட்டினால் புஷ் நேராகிவிடும்.

இவ்வளவும் செய்து முடிக்கும்போது, ‘மோட்டார் போச்சு’ என்று ஒதுக்கிவைத்த டர்ன்டேபிள்களில் பெரும்பகுதி பிழைத்துவிடும் என்பது என் அனுபவம். மின்சார வேலை இனிமேல்தான் ஆரம்பிக்கிறது.

வயரும் கண்டென்சரும்

பழைய வயர்களின் ரப்பர் உறை வளைத்தால் நொறுங்கும். மோட்டாருக்குப் பக்கத்தில் சூடுபட்ட பகுதி இன்னும் மோசமாக இருக்கும். அங்கே டேப் சுற்றிச் சமாளிக்க வேண்டாம், பிளக்கிலிருந்து மோட்டார் வரை முழுதாக மாற்றிவிடுங்கள். பல பழைய கருவிகளில் இரண்டு கம்பி வயர்தான் இருக்கும். எர்த்தோடு சேர்ந்த மூன்று கம்பி வயராக அதை மாற்றி, மூன்றாவது கம்பியை உலோகச் சட்டத்தோடும் மோட்டாரின் உடலோடும் பெயிண்ட் சுரண்டிய இடத்தில் இறுக்கமாக இணையுங்கள். காயிலின் இன்சுலேஷன் என்றாவது ஒருநாள் பழுதானால், மின்சாரம் உங்கள் கை வழியாகப் போகாமல் எர்த் வழியாகப் போகும். இப்போதைய வயர்களில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். பழைய வயர்களில் நிறம் நாட்டுக்கு நாடு வேறு, அதனால் நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்விட்சும் ஃபியூஸும் பேஸ் கம்பியில் வர வேண்டும். சட்டத்துக்குள் நுழையும் இடத்தில் வயரை இழுத்தாலும் ஈயப்பற்று வரை இழுவை போகாதபடி ஒரு பிடிப்புப் போட்டே ஆக வேண்டும்.

பிக்கப் கையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் மெல்லிய சிக்னல் வயர்களிலிருந்து மின்சார வயரைத் தள்ளியே ஓட்டுங்கள். பேஸையும் நியூட்ரலையும் ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டினால் ‘ஹம்’ குறையும். எர்த் போட்ட பிறகு ஹம் புதிதாகக் கிளம்பினால், டர்ன்டேபிளும் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு வழியில் எர்த் ஆகியிருக்கின்றன என்று பொருள். அப்போது பிரிக்க வேண்டியது சிக்னல் பக்கத்து இணைப்பை. பாதுகாப்பு எர்த்தைக் கழற்றி ஹம்மை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது உயிரோடு விளையாட்டு.

ஸ்விட்சுக்குக் குறுக்கே ஒரு சின்ன கண்டென்சர் இருக்கும். மோட்டாரை அணைக்கும்போது ஸ்விட்சில் பொறி பறந்து ஸ்பீக்கரில் ‘டப்’ என்று கேட்காமல் இருக்க அதை வைத்திருப்பார்கள். பழையவை காகிதத்தில் செய்தவை, வெளி உறையில் வெடிப்பு விட்டு ஈரம் இழுத்துக்கொள்ளும். ஷார்ட் ஆனால் ஸ்விட்ச் அணைத்த பிறகும் மோட்டார் ஓடும், சில சமயம் புகையோடு வெடிக்கும். சோதித்துக்கொண்டிருக்கவே வேண்டாம், பார்த்ததும் மாற்றுங்கள். புதியது அதே மைக்ரோஃபாரட் அளவில், மெயின்ஸுக்கு என்றே சான்று பெற்ற ‘எக்ஸ்2’ வகையாக இருக்க வேண்டும். 400 வோல்ட் என்று எழுதிய சாதாரண கண்டென்சர் இங்கே ஆகாது. சின்க்ரனஸ் மோட்டாரின் பேஸ் கண்டென்சரையும் அதே மதிப்பில் ஏசிக்கு ஏற்ற ஃபிலிம் வகையில் மாற்றிவிடலாம். அதில் மதிப்பைக் கூட்டினால் மோட்டாருக்குப் பலம் வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வருவது அதிர்வுதான்.

சீரிஸா, பேரலலா?

பல பழைய மோட்டார்களில் இரண்டு காயில்கள், ஒவ்வொன்றும் சுமார் 115 வோல்ட்டுக்குச் சுற்றியவை. ஒன்றன்பின் ஒன்றாக, அதாவது சீரிஸில் இணைத்தால் மொத்தம் 230 வோல்ட்டுக்குப் பொருந்தும். பக்கம்பக்கமாக, பேரலலில் இணைத்தால் 115-க்குப் பொருந்தும். வோல்டேஜ் மாற்றும் கட்டை செய்வது இந்த இணைப்பு மாற்றத்தைத்தான். பேரலலில் இருக்கும் மோட்டாருக்கு 230 வோல்ட் கொடுத்தால் ஒவ்வொரு காயிலும் இரண்டு மடங்கு வோல்டேஜை வாங்கும், சூடு நான்கு மடங்குக்கும் மேல் போகும், சில நிமிடத்தில் வார்னிஷ் வாசனை வரும். வேறு நாட்டிலிருந்து வந்த டர்ன்டேபிளை சொருகும்முன் இந்தக் கட்டையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

காயிலுக்கு ஆரம்பம், முடிவு என்று இரண்டு முனை உண்டு. சீரிஸில் முதல் காயிலின் முடிவு இரண்டாவதின் ஆரம்பத்தோடு சேர வேண்டும். ஒன்று தலைகீழானால், ஒருவர் தள்ள மற்றவர் எதிரே நின்று தள்ளுவதுபோல் இரண்டு புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மோட்டார் சுற்றாது, உறுமும், காயில் வழக்கத்தைவிட அதிக மின்சாரத்தை இழுத்துச் சூடாகும். அதனால் பழைய வயரை வெட்டும்முன் ஒவ்வொரு முனையிலும் ஒரு சீட்டு ஒட்டிப் பெயர் எழுதிவிடுங்கள். இந்த ஒரு வேலையைச் சோம்பல்பட்டு விட்டால் பிறகு மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும்.

காயிலைச் சோதிப்பது

மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து ஒவ்வொரு காயிலையும் தனித்தனியே அளந்து பாருங்கள். எத்தனை ஓம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். பார்க்க வேண்டியது, ஒரே மாதிரியான இரண்டு காயில்களும் ஏறக்குறைய ஒரே மதிப்பைக் காட்டுகின்றனவா என்பது. ஒன்று தெளிவாகக் குறைவாகக் காட்டினால் உள்ளே சில சுற்றுகள் ஷார்ட் ஆகியிருக்கின்றன; அந்தக் காயில் கட்டாயம் சூடாகும். மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் கம்பி அறுந்திருக்கிறது. உடனே கைவிட்டுவிடாதீர்கள். அறுவது பெரும்பாலும் மெல்லிய எனாமல் கம்பி தடித்த வெளி வயரோடு சேரும் ஈயப்பற்றில்தான். வெளிச்சுற்று டேப்பைப் பொறுமையாகப் பிரித்தால் அந்த இடம் கண்ணில் படும். கம்பியின் முனையில் எனாமலை லேசாகச் சுரண்டி, மறுபடி பற்றவைத்து, ஸ்லீவ் போட்டு, நூலால் கட்டிவிட்டால் போதும். சில பெல்ட் டிரைவ் மாடல்களில் 230 வோல்ட்டைக் குறைக்க ஒரு பெரிய ரெசிஸ்டர் இருக்கும், அறுந்தது அதுவாகவும் இருக்கலாம்.

அடுத்து, காயில் முனைக்கும் மோட்டார் உடலுக்கும் நடுவே அளந்து பாருங்கள். எந்த இணைப்பும் காட்டக் கூடாது. சாதாரண மல்டிமீட்டர் இதற்கு முழு உத்தரவாதம் தராது. இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகர் மீட்டரில் பார்த்தால் பல மெகாஓம் வர வேண்டும். ஈரத்தில் கிடந்த மோட்டார் குறைவாகக் காட்டும், மிதமான சூட்டில் ஒருநாள் உலரவைத்தால் ஏறிவிடும். ஏறவில்லை என்றால் அதை ஓட்டவே கூடாது.

உண்மையாகவே எரிந்திருந்தால் ரீவைண்டிங். சுற்றுகளின் எண்ணிக்கை, கம்பியின் தடிமன், சுற்றும் திசை மூன்றும் பழையபடியே வர வேண்டும். பழைய காயிலைப் பிரிக்கும்போதே எண்ணிக்கொள்ள வேண்டும், மைக்ரோமீட்டரால் கம்பியை அளக்க வேண்டும். சுற்று குறைந்தால் மின்னோட்டம் கூடிச் சூடாகும், அதிர்வும் கூடும். சுற்று கூடினால் மோட்டார் பலமிழந்து தட்டை இழுக்கத் திணறும். முடியைப்போல மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்று. முதல் முயற்சியாக இதைச் செய்யச் சொல்லமாட்டேன். சிறிய மோட்டார்களில் பழகிய ரீவைண்டிங் ஆளிடம் கொடுங்கள், அல்லது அதே மாடலின் உடைந்த டர்ன்டேபிளிலிருந்து மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் மின்சாரம்

ஒரு குண்டு பல்பை, 25 அல்லது 40 வாட், மோட்டாருக்கு முன்னால் சீரிஸில் போட்டு மின்சாரம் கொடுங்கள். எலக்ட்ரீஷியன்கள் சொல்லும் சீரிஸ் லாம்ப் இதுதான். எல்இடி பல்பு இதற்கு உதவாது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து, மின்சாரத்தைத் தானே வாங்கிக்கொள்ளும், காயில் தப்பித்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் பல்பு மங்கலாக எரியும், மோட்டார் மெதுவாகவாவது கிளம்பும். அப்புறம் பல்பை எடுத்துவிட்டு நேராக ஓட்டலாம்.

தட்டு இல்லாமலே சில மணி நேரம் ஓடவிடுங்கள், பக்கத்திலேயே இருங்கள். ஷேடட் போல் மோட்டார் சூடாவது இயல்பு. கை வைத்தால் சூடு நன்றாகத் தெரியலாம், ஆனால் கையை எடுத்துவிட வேண்டிய அளவுக்குப் போகக் கூடாது. சத்தம் வந்தால் அது எங்கிருந்து என்று பிரித்துப் பாருங்கள். சுற்றுக்கு ஏற்ப மாறும் உரசல் புஷ்ஷிலிருந்து வருவது. வேகம் எதுவானாலும் மாறாத உறுமல், இறுகாத தகடுகளோ தளர்ந்த மோட்டார் பிடிப்போ. கேரார்டு 301-இல் மோட்டார் சுருள்வில்களில் தொங்குகிறது. வேறு பலவற்றில் ரப்பர் வளையங்கள் தாங்கும், அந்த ரப்பர் கல்லாகியிருந்தால் மோட்டாரின் அதிர்வு நேராகச் சட்டத்துக்கும் அங்கிருந்து ஊசிக்கும் ஏறிவிடும். ஸ்பீக்கரில் கேட்கும் அடித்தொண்டை முனகல் பல நேரம் அதுதான். ரப்பரைப் புதிதாக்கினால் போதும், மோட்டாரைத் திரும்பப் பிரிக்க வேண்டாம்.

1970-இல் டெக்னிக்ஸ் எஸ்பி-10-உம், 1972-இல் எஸ்எல்-1200-உம் வந்த பிறகு பரவிய டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிள்களுக்கு மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. அவற்றில் தட்டின் அச்சே மோட்டார். வேகத்தைக் கட்டுப்படுத்துவது எலக்ட்ரானிக் சர்க்யூட். அங்கே முதல் சந்தேகம் காய்ந்துபோன எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள், அடுத்தது அழுக்கேறிய வேகத் திருகுகள். பெல்ட் டிரைவில் வரும் சிறிய டிசி மோட்டார்களில் பெரும்பாலும் பின்பக்கத் துளைக்குள் ஒரு வேகத் திருகு இருக்கும்.

வேகத்தைச் சரிபார்ப்பது

மோட்டார் நன்றாகச் சூடான பிறகுதான் வேகத்தைப் பார்க்க வேண்டும், குளிர்ந்த எண்ணெயில் பார்த்தால் அரைமணியில் மாறிவிடும். கோடுகள் போட்ட ஸ்ட்ரோப் வட்டைத் தட்டில் வைத்து, மெயின்ஸில் எரியும் நியான் விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது பழைய முறை. நியான் விளக்கு ஏசியின் ஒவ்வொரு அரைச்சுற்றுக்கும் ஒருமுறை மினுக்கும், அதாவது 50 ஹெர்ட்ஸில் நொடிக்கு 100 முறை. 33⅓-க்கு 180 கோடுகள் இருந்தால், ஒவ்வொரு மினுக்கலுக்கும் சரியாக ஒரு கோடு நகர்ந்து, அசையாமல் நிற்பதுபோல் தெரியும். 60 ஹெர்ட்ஸுக்கு 216 கோடுகள். பல எல்இடி விளக்குகள் இப்படி மினுக்குவதில்லை, அவற்றின் கீழே கோடுகள் வெறும் சாம்பல் பட்டையாகத்தான் தெரியும்.

கோடுகள் தட்டு சுற்றும் திசையிலேயே நகர்ந்தால் வேகம் அதிகம், எதிர்த்திசையில் நகர்ந்தால் குறைவு. கேரார்டு 301-இல் காந்தத்தால் தடுக்கும் நுண்திருத்தக் குமிழ் இருக்கிறது, அதைத் திருகிக் கோடுகளை நிறுத்தலாம். குமிழே இல்லாத மாடலில் வேகம் குறைந்தால் பெல்ட், ஐட்லர், எண்ணெய் என்று திரும்பப் பாருங்கள். 45-க்குப் பார்க்கும்போது மட்டும் ஒன்றை நினைவில் வையுங்கள். 60 ஹெர்ட்ஸில் அதற்கு 160 கோடுகள், கணக்கு முழுதாக வருகிறது. 50 ஹெர்ட்ஸில் வேண்டியது 133⅓ கோடு. மூன்றில் ஒரு பங்கு கோட்டை வரைய முடியாது என்பதால் 133 போட்டிருப்பார்கள். அந்தக் கோடுகள் அசையாமல் நிற்பது 45.11 சுற்றில். துல்லியமாக 45 சுற்றும் தட்டில் அவை மிக மெதுவாகப் பின்னோக்கி நகரும். அதை நிறுத்தவேண்டுமென்று எதையும் திருகாதீர்கள்.